நீலச் சேலை மூட்டைகள்

நவம்பர் 23, ஞாயிறு

மத்தியானம் சம்பந்தியம்மாள் வந்து இறங்கினார். என் மருமகள் ஹெலனின் அம்மா, லில்லிபுஷ்பம். பாளையங்கோட்டையில் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். குளியலறையில் வழுக்கி வலது கணுக்கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டு பிரிக்கும் வரை நாகர்கோவிலில் எங்கள் வீட்டில்தான் இருப்பார். அவர் கஷ்டம் அவருக்கு, நான் ஒன்றும் சொல்லவில்லை. கால் ஒடிந்தவர் கார் டிக்கியில் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு வருவானேன் என்று மட்டும் கேட்டேன். மோட்டார் மிஷினாம், இடது கால் போதுமாம். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்.

மகன் ஜெயசிங் முன்னறையை அவருக்குக் கொடுத்துவிட்டான். ரோட்டைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை. ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துக் கிடந்தபோது அந்த அறையை யாரும் எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த டைரி பாங்கில் கொடுத்தது. என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இந்த வீட்டில் என் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. ஹெலன் பி.எட். படித்தவள். அவள் எழுத்தைப் படிக்க மெடிக்கல் ஸ்டோர்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

பேத்தி பெனிஷாவுக்கு இது தலைக்கிறிஸ்துமஸ். மார்த்தாண்டத்தில் அவள் மாமியார் வீட்டுக்கும், அவர்கள் சொந்தக்காரர்களுக்கும் இங்கிருந்து பலகாரம் போக வேண்டும். அவள் மாமியார் ஸ்டெல்லா நிச்சயதார்த்தத்தன்று என் முந்திரிக்கொத்தைத் தின்றுவிட்டு, இது போல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் வராது என்று எல்லார் முன்னாலும் சொன்னவள். அதனால் பலகாரத்தில் எதை யார் செய்தாலும் முந்திரிக்கொத்து என்னுடையது. அதில் பேச்சே இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

ஹெலன் சமையலில் இப்போதெல்லாம் ஒரு ருசியும் இல்லை. காப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறது. பொடியை மாற்று என்றால், அதே கடைப் பொடிதான் அத்தை என்கிறாள். கடைக்காரன் என்னத்தையோ கலக்கிறான்.

இன்று நெத்திலிக் குழம்பு. இந்த வீட்டில் குழம்பு கொதித்தால் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து என் உள்ளங்கையில் விட்டு, "அத்தை, உப்பு பாருங்க" என்பாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அப்படித்தான். நான் சொன்ன பிறகுதான் அடுப்பை அணைப்பாள். இன்று கரண்டியை ஏந்திக்கொண்டு என்னைத் தாண்டி முன்னறைக்குப் போனாள். "கொஞ்சம் புளி தூக்கலா இருக்குடி" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

நோயாளி என்று உபசரிக்கிறாள் போலிருக்கிறது.

நவம்பர் 26, புதன்

இன்றும் கரண்டி முன்னறைக்குத்தான் போனது.

நவம்பர் 29, சனி

கேரல் வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் முந்திரிக்கொத்து செய்தேன். மார்த்தாண்டத்துக்குச் செய்யும் முன் கை பழகட்டும் என்றுதான்.

சிறுபயறு வறுத்துக்கொண்டிருக்கும்போது ஹெலன் மாடியிலிருந்து ஓடி வந்து, அத்தை கருகுது என்று அடுப்பைப் பட்டென்று அணைத்தாள். ஒரு கருகலும் இல்லை. பயறு சிவந்தால்தான் முந்திரிக்கொத்து. நான் எத்தனை கிறிஸ்துமசுக்கு வறுத்தவள். அம்மா முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறாள்.

சாயங்காலம் எல்லாருக்கும் கொடுத்தேன். ஜெயசிங் ஒன்று எடுத்தான், தண்ணீர் குடித்தான், சர்க்கரை கூடியிருக்கும்மா என்று எழுந்து போனான். போன வருடமும் அவனுக்குச் சர்க்கரை இருந்தது, ஏழெட்டுத் தின்றான். சம்பந்தியம்மாள் ஒன்றை முழுசாகத் தின்று முடித்தார். "நல்லா மொறுமொறுன்னு இருக்கு மைனி" என்றார். அவ்வளவுதான். மொறுமொறுப்பைத் தவிர வேறு ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. பிறத்தியார் கைப்பக்குவத்தைப் புகழ்வதற்கும் ஒரு மனசு வேண்டும்.

பிறகு அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

பெனிஷா போனில் வந்தாள். என்னைப் பாட்டி என்பாள், சம்பந்தியம்மாளை ஆச்சி என்பாள். முதலில் ஆச்சியிடம்தான் பேசினாள். கால் எப்படி, வலி எப்படி. என்னிடம் வந்தபோது யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போனை வைத்ததும் சம்பந்தியம்மாள் ஒரு யோசனை சொன்னார். பலகாரத்தை இந்த வருடம் பிளாஸ்டிக் கவரில் போட வேண்டாமாம். சதுரமாகத் துணி வெட்டி, ஓரம் தைத்து, அதில் மூட்டையாகக் கட்டிக் கொடுக்கலாமாம். தின்று முடித்தவர்கள் துணியைத் துவைத்துத் திருப்பித் தரலாம், வேறு எதற்காவது வைத்துக்கொள்ளவும் செய்யலாம். பெனிஷாவும் அதைத்தான் விரும்புவாள் என்று ஹெலன் உடனே தலையாட்டினாள். ஏற்கெனவே பேசி வைத்த மாதிரி இருந்தது.

நான் எப்போதும் கண்ணாடிக் கவரில் போட்டு, வாயில் சிவப்பு ரிப்பன் கட்டுவேன். உள்ளே மூன்று மூன்றாக ஒட்டிய முந்திரிக்கொத்து மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். பார்த்ததும் இது நேசபாய் வீட்டுப் பலகாரம் என்று ஊருக்குத் தெரியும்.

"துணியில கட்டினா உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவிழ்க்கும்போது தெரிஞ்சா போதும் மைனி" என்றார்.

ஹெலன் வேகமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கினாளோ என்னவோ.

டிசம்பர் 5, வெள்ளி

அந்த அம்மாள் தன்னுடைய சேலைகளைத்தான் வெட்டுகிறார். பெட்டியில் கொண்டு வந்த பழைய சுங்குடி, வாயில் சேலை, ஒரு மாம்பழ நிறக் கைத்தறி. நாள் முழுக்க மிஷின் உறுமுகிறது. நடுவில் டப்பாவை வைத்து, எதிரெதிர் மூலைகளை இழுத்து ஒரு முடிச்சுப் போடுகிறார். மற்ற இரண்டு மூலையையும் மேலே கொண்டு வந்து காது மாதிரி விரித்து விடுகிறார். பூ பூத்த மாதிரி இருக்கிறது. பொய் எழுதக் கூடாது, அழகாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ரூபி வந்து பார்த்துவிட்டு, டீச்சர் எனக்கும் சொல்லித் தாங்க என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஐயர் அம்மாவும் வந்தார். ஒவ்வொரு துணியாக மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். ரூபி எத்தனை வருடமாக என் முந்திரிக்கொத்தைத் தின்கிறவள். இந்த வருடம் எப்போது செய்யப் போறீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மத்தியானம் அவர் தூங்கும்போது ஒரு துணியை எடுத்து வந்து சீனி டப்பாவைக் கட்டிப் பார்த்தேன். காது வரவில்லை. திரும்ப வைக்கப் போகும்போது கண்ணை விழித்துப் பார்த்துவிட்டார். "மைனி, இது வைக்கோல் கட்டுத மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

டிசம்பர் 6, சனி

என் பீரோவிலிருந்து நீலச் சேலையை எடுத்துக் கொண்டுபோய் அந்த அம்மாள் மிஷின் மேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் எடுத்துத் தந்தது. சின்ன வெள்ளைப் பூப் போட்டது. அவர் போன பிறகு நான் அதை உடுத்தவில்லை.

என் முந்திரிக்கொத்து என் சேலையில்தான் போக வேண்டும், நீங்களும் ஹெலனும் சுடப்போகும் அச்சுமுறுக்கு உங்கள் சேலையில் போகட்டும் என்று சொன்னேன். அப்போதுதானே எது யாருடையது என்று மார்த்தாண்டத்தில் தெரியும்.

கையில் எடுத்து முந்தியைப் பிரித்துப் பார்த்தார். "இதையா வெட்டச் சொல்லுதீங்க?"

"வெட்டுங்க."

"ஒரு தடவை யோசிங்க மைனி."

யோசித்துவிட்டுத்தான் கொண்டு வந்தேன் என்றேன். அவர் கத்தரிக்கோலை எடுக்க வெகுநேரமானது. நான் நின்று பார்க்கவில்லை. அடுக்களைக்கு வந்துவிட்டேன். சத்தம் அங்கேயும் கேட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே சாப்பாட்டு மேசையில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன். பொங்கும்போது எழுந்துகொள்ளலாம் என்று இருந்தேன். திடீரென்று முன்னறையிலிருந்து, "மைனி, பால்" என்று கூப்பாடு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளே நொண்டி நொண்டி வந்துவிட்டார். போய்ப் பார்த்தால் பால் வற்றி, பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது. அடுக்களை முழுக்கப் புகை.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபம் இல்லை.

முன்னறை வாசல் பக்கம். நான் உட்கார்ந்திருந்தது அடுப்புக்குப் பக்கத்தில். காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கும்.

டிசம்பர் 13, சனி

மார்த்தாண்டத்துக்கான முந்திரிக்கொத்து முடிந்தது.

அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹெலன் கதவுக்கு வெளியே நின்று, பயறை மட்டும் நான் வறுத்துத் தருகிறேன் அத்தை என்று கெஞ்சினாள். இப்போது பயறு, நாளைக்கு முழுவதும் அவள் அம்மா செய்தது என்று ஆகிவிடும். முடியாது என்றேன்.

பயறை வறுத்துப் பொடித்து, தேங்காய்த் துருவலை வறுத்து, எள்ளு, ஏலக்காய் போட்டு, வெல்லப்பாகில் பிசைந்து உருட்டினேன். பச்சரிசி மாவில் மஞ்சள் கலக்கி, மும்மூன்று உருண்டையாக முக்கி எண்ணெயில் போட்டேன். மூன்றும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் போடுவேன். என் மாமியார்கூட அப்படிச் செய்ததில்லை, இது என் கை அடையாளம். தேங்காய் எண்ணெய் போன மாதம் வாங்கியதுதான், நன்றாகத்தான் இருக்கும்.

ருசி பார்த்தேன். எப்போதும் போல இருந்தது. இத்தனை வருடம் செய்கிறவளுக்கு நாக்கு சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இரண்டு பெரிய தகர டின் நிறைய வந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

டிசம்பர் 14, ஞாயிறு

ஹெலன் இன்று கோயிலுக்கு வரவில்லை. அட்வென்ட் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அவள் விட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கால் வலியாம். ஜெயசிங் ஆராதனை முடிந்ததும் என்னை நேரே வீட்டுக்குக் கொண்டு வராமல், சித்தியைப் பார்த்து நாளாச்சு இல்லியா அம்மா என்று குளச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அவனாக என் தங்கச்சியை நினைத்தது இதுதான் முதல் தடவை. அங்கே சாப்பிட்டு, தூங்கி, சாயங்காலம்தான் வந்தோம்.

வந்து பார்த்தால் எல்லா மூட்டையும் கட்டி முன்னறையில் வரிசையாக இருக்கிறது. ஒரு பக்கம் சம்பந்தியம்மாள் துணிகள். ஒரு பக்கம் என் நீலத் துணிகள், காது விரித்து. அடுக்களை கழுவி விட்டு ஈரமாக இருந்தது. அடுப்பைத் தொட்டேன், சுட்டது. ஹெலன் கண் சிவந்து, மாவு படிந்த நைட்டியோடு நின்றாள். அச்சுமுறுக்கு போதாமல் இன்னும் கொஞ்சம் சுட்டோம் அத்தை என்றாள்.

என் மூட்டையில் ஒன்றை அவிழ்த்துப் பார்க்கலாம் என்று கையை வைத்தேன். "மடிப்புக் கலைஞ்சிரும் மைனி, இஸ்திரி போட்டுக் கட்டியிருக்கு" என்று சம்பந்தியம்மாள் தடுத்தார். என் பலகாரம், என் சேலை. திறந்து பார்க்க அவரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 20, சனி

நேற்று மகனும் ஹெலனும் மார்த்தாண்டம் போய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். இன்று காலை ஸ்டெல்லா போன் செய்தாள்.

முதலில் துணி. பிறகு துணி. பக்கத்து வீட்டுக்காரர்கள் துணியைப் பார்த்துக் கேட்டார்களாம், கொழுந்தன் மனைவி துணியைத் திருப்பித் தர மாட்டேன் என்று சண்டையாம். எல்லாவற்றையும் ஹெலனிடம் சொல்லி முடித்த பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "அம்மா, உங்க முந்திரிக்கொத்து வாயில வச்சதும் கரையுது" என்றாள்.

சந்தோஷம்தான். ஆனால் முந்திரிக்கொத்து எப்படி வாயில் கரையும்? என்னுடையதைக் கடித்துத்தான் தின்ன வேண்டும், அதுதான் அதற்கு அழகு. காலேஜில் பாடம் நடத்துகிறவள், பேச்சுக்குச் சொல்லியிருப்பாள்.

டிசம்பர் 22, திங்கள்



மாலை நாலு மணி வாக்கில் முன்னறைப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. சம்பந்தியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயாவில் எதையோ முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார். என் முந்திரிக்கொத்து. மூன்று மூன்றாக ஒட்டினது. என் காலடி கேட்டதும் மீதியை வாயில் திணித்துக்கொண்டு, காலால் எதையோ கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அவர் குளிக்கப் போனபோது குனிந்து பார்த்தேன். என் தகர டின். அதற்குப் பின்னால் இன்னொன்று. முதலாவதில் பாதிக்கு மேல் இருக்கிறது, மற்றது தொடாமல் நிறைய.

இப்போது விளங்குகிறது துணி எதற்கு என்று. வெளியே தெரியாமல் ஒவ்வொரு மூட்டையிலும் குறைத்துக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஒளித்து வைத்துத் தினமும் தின்கிறார். ஒருவேளை பக்குவத்தைப் படிக்கிறாரோ என்னவோ. தின்று தின்று பார்த்து, அடுத்த வருடம் தானே செய்து என் இடத்தில் உட்காரலாம் என்று.

ஹெலனிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவைத்தான் விட்டுக்கொடுப்பாளா? ஜெயசிங்கிடமும் சொல்லவில்லை. இருபத்தேழாம் தேதி ஸ்டெல்லா குடும்பம் இங்கே விருந்துக்கு வருகிறது. அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.

டிசம்பர் 24, புதன்

ரூபி, நாங்கள் பலகாரம் கட்டிக் கொடுத்த துணியைத் துவைத்து மடித்து, வெறுமையாகத் தராமல் உள்ளே நாலு ஆரஞ்சு வைத்துத் தந்தாள். "இந்த வருசம் எதுக்கு பாட்டி ஒத்தை ஒத்தையா பொரிச்சீங்க? எப்பவும் மூணு சேந்துல்லா இருக்கும்" என்று கேட்டாள். கட்டும்போது உடைந்திருக்கும் என்றேன். உடைக்காமல் கட்டத் தெரியாதவர் எல்லாம் டீச்சர்.

டிசம்பர் 25, வியாழன்

பண்டிகை. விடியற்கால ஆராதனை. பெனிஷாவும் மாப்பிள்ளை ரெஜினும் வந்திருந்தார்கள். பெனிஷா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சம்பந்தியம்மாள் எனக்கு ஒரு புது ரவிக்கை தைத்துத் தந்தார். அளவு எடுக்காமலே சரியாக இருக்கிறது. பண்டிகைக்கு நான் அதைப் போடவில்லை.

டிசம்பர் 27, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா, அவள் வீட்டுக்காரர், மாப்பிள்ளை, எங்கள் வீட்டார். சம்பந்தியம்மாள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு. ஸ்டெல்லா திரும்பவும் முந்திரிக்கொத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள், இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது என்றாள்.

நான் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தேன். ஹெலன், "அத்தை, அது வேண்டாம்" என்று ஓடி வந்தாள். நான் கேட்கவில்லை. பெரிய தட்டில் குவித்து வைத்து ஸ்டெல்லா முன்னால் நீட்டினேன்.

"தீரல்ல மக்களே, நிறைய இருக்கு. உங்களுக்குச் செஞ்சதுதான். இங்க ஒருத்தர் பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க" என்றேன்.

சொல்லும்போது நான் சம்பந்தியம்மாளைத்தான் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரர் ஒரு வாய் கடித்துவிட்டு இருமினார், கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்தார். பெனிஷா மாமியார் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிள்ளை கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.  

அப்போது சம்பந்தியம்மாள் சிரித்தார்.

"ஐயோ மைனி, என் மானத்த வாங்கிட்டீங்களே. ஸ்டெல்லா, அது நான் செஞ்சதும்மா. மைனி செய்யுதத பாத்து நமக்கும் வரும்னு ஆசைப்பட்டேன். பயறு கருகிட்டு, எண்ணெயும் காறிட்டு. தூக்கிப் போட மனசு வரல, அதான் ஒளிச்சு வச்சேன்."

ஸ்டெல்லாவுக்கு மூச்சு வந்தது. "நானும் என்னடான்னு பயந்துட்டேன் டீச்சர்" என்று சிரித்துவிட்டாள். உங்களுக்குத் தையல்தான் ராசி, அடுப்பைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள் என்று அவள் வீட்டுக்காரரும் கேலி செய்தார். "ஆமா, கைத்தொழிலை விட்டா இப்படித்தான்" என்று சம்பந்தியம்மாள் தலையில் தட்டிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். பெனிஷா மட்டும் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் தட்டைப் பார்த்தேன். மும்மூன்று உருண்டைகள். சேரும் இடத்தில் கட்டைவிரல் பதிந்திருந்தது.

ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றேன். கரகரவென்று இருந்தது. கசக்கவில்லை. காறவில்லை. இனிக்கவும் இல்லை. ஒன்றுமே இல்லை.

நானும் கொஞ்சம் சிரித்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

டிசம்பர் 30, செவ்வாய்

அடுக்களையில் யாரும் இல்லாதபோது பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். மூடினேன். காப்பிப் பொடி. கிராம்பு. பூண்டை நசுக்கினேன். கறிவேப்பிலையைக் கசக்கி உள்ளங்கையில் வைத்து, மூக்கோடு ஒட்டிப் பிடித்து மூச்சை இழுத்தேன்.

காப்பிக் கடைக்காரனைக் குறை சொல்வதற்கில்லை.

மார்த்தாண்டத்தில் வாயில் கரைந்தது யார் கைப்பக்குவம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஹெலனும் சொல்லவில்லை. இன்று கீரைக்கூட்டு வைத்தாள். கரண்டியோடு கொஞ்சநேரம் நடுவில் நின்றாள், என் பக்கமும் முன்னறைப் பக்கமும் பார்த்துக்கொண்டு. நான் தேங்காய் துருவுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஜனவரி 3, சனி

மார்த்தாண்டத்திலிருந்து துணியெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஸ்டெல்லா துவைத்து, இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஏத்தங்காய் சிப்ஸ் கட்டி அனுப்பியிருக்கிறாள். அவள் கட்டியதும் வைக்கோல் கட்டுதான், எனக்கு ஒரு ஆறுதல்.

திங்கட்கிழமை மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். புதன்கிழமை சம்பந்தியம்மாள் பாளையங்கோட்டைக்குக் கிளம்புகிறார். மிஷினைத் துடைத்து உறை போட்டாயிற்று.

அவர் துணிகளைப் பிரித்து அடுக்கி வைத்தேன். வெறும் துணியாகவா கொடுத்து அனுப்புவது? ரூபிகூட ஆரஞ்சு வைத்தாள். கடையில் வாங்கி வைக்கலாம். ஆனால் இந்த வீட்டிலிருந்து கடைப் பலகாரம் எங்கேயும் போனதில்லை.

மத்தியானம் மழை தூறியது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள், "மண்ணு மணம் அடிக்குது பாத்தீங்களா மைனி" என்று சொல்லிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். வேறு பேச்சுப் பேசினார்.

அவர் சேலையைப் பார்த்து எரிந்திருக்கிறேன், முடிச்சைப் பார்த்து எரிந்திருக்கிறேன். இன்று அந்த மூக்கைப் பார்த்தேன். கண்ணாடி பதிந்த தழும்போடு, சாதாரண மூக்கு. அதை வைத்துக்கொண்டு சும்மா ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் நானே சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். ஹெலன் என்ன அத்தை என்றாள். உனக்கு ஸ்கூலுக்கு நேரமாகிறது, போ என்றேன். முன்னறை வாசலில் போய் நின்றேன்.

"மைனி, அடுக்களைக்கு வாங்க. பயறு வறுக்கணும்."

"நான் எதுக்கு மைனி?"

"மணம் வந்தா சொல்லணும்."

அவர் தெரியாதவர் மாதிரி நடித்திருந்தால் திரும்பி வந்திருப்பேன். நடிக்கவில்லை. வாக்கரை எடுத்துக்கொண்டு மெதுவாக என் பின்னால் வந்தார்.

நான் வறுத்தேன், அவர் உட்கார்ந்திருந்தார்.  அகப்பை சட்டியில் உரசுகிற சத்தம் மட்டும். முதலில், இன்னும் பச்சை வாடைதான் என்றார். கொஞ்சம் கழித்து, இப்போதுதான் தொடங்குகிறது என்றார். அப்புறம், "போதும் மைனி, இறக்குங்க" என்றார்.

வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை கிண்டினேன். என் அடுப்பு.

"மைனி" என்றார், சத்தம் கூட்டாமல்.

இறக்கிவிட்டேன்.

எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். பழசு காறிவிட்டது, புதுசைத் திறங்கள் என்றார். தேங்காயை எப்போது இறக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். பாகில் பிசைந்ததும் அகப்பை நுனியில் கொஞ்சம் எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து, "இனிப்பு பாருங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு சிட்டிகை உப்பு வேண்டும் என்றார். போட்டேன்.

உருட்டும்போது கேட்டேன்.

"அந்தக் கசப்ப எப்படி மைனி தினமும் தின்னீங்க?"

"சாயாவில முக்குனா அவ்வளவு தெரியாது."

"வெளிய கொட்டியிருக்கலாம்லா."

"ஒரு நாள் முழுக்கக் கதவச் சாத்திக்கிட்டு நீங்க நின்னத கேட்டுக்கிட்டு இருந்தேன். எப்படிக் கொட்டுதது?"

 இரண்டிரண்டாக ஒட்டினால் போதும், பொரிக்கச் சுலபம் என்றார். மூன்றுதான் என்றேன். சரி என்றார். பொரித்து முடிக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

சம்பந்தியம்மாள் கிளம்பிப் போனார். புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். பார்த்தார்.

அவர் துணிகளில் ஒன்றிலும் என் நீலத் துணிகளில் ஒன்றிலும் முந்திரிக்கொத்தை நானே கட்டி மடியில் வைத்தேன். காது ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குட்டையாக வந்தது.

"இது பாளையங்கோட்டை போறதுக்குள்ள அவிழ்ந்துரும் மைனி" என்று சிரித்தார்.

"அவிழட்டும். யாரு பாத்தா என்ன?" என்றேன்.

நீலத் துணி எனக்குத் திரும்ப வர வேண்டும் என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஆள் வசம் கொடுத்தனுப்பக் கூடாது, நேரில் கொண்டு வர வேண்டும். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னார்.

சாயங்காலம் ஹெலன் மீன்குழம்பு வைத்தாள். கரண்டியோடு வந்து நின்றாள். உப்பை ஜெயசிங்கிடம் பார்க்கச் சொல், நிறத்தை நான் பார்க்கிறேன் என்றேன். கொஞ்சம் மிளகாய்த்தூள் குறைவு. சொன்னேன், போட்டாள்.

பின்னால் யாராவது இந்த டைரியை எடுத்து வாசித்தால் தெரிய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். நேற்றைய முந்திரிக்கொத்து நான் செய்தது. மணம் பார்த்தது மட்டும் லில்லி மைனி.